துரத்தலும் தீர்ப்பும்: ‘டெர்மினேட்டர் 2’ திரைப்படத்தின் கதைப்பின்னல்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைவு சார்ந்த அதிரடித் திரைப்படங்களில் கதைப்பின்னல் என்பது சண்டைகளையும் துரத்தல்களையும் கோக்கும் நூல் மட்டுமே என்னும் கருத்து திறனாய்வில் நிலவுகிறது. ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே’ திரைப்படத்தை முன்வைத்து அக்கருத்தை இக்கட்டுரை மறு ஆய்வு செய்கிறது. படத்தின் கட்டமைப்பு மையம் அதன் உச்சக்கட்டச் சண்டையில் இல்லை. இன்னும் தவறு செய்யாத ஒருவரைக் கொல்லத் துணியும் ஒரு தாயின் செயலில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கதைப்பின்னல், அறிவியல் புனைவு, காலப்பயணம், திருப்பம், ஊழ், அதிரடித் திரைப்படம்.

முன்னுரை

1984ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி டெர்மினேட்டர்’ திரைப்படத்தில், 2029ஆம் ஆண்டில் மனித இனத்தோடு போரிடும் ஸ்கைநெட் என்னும் கணினி வலையமைப்பு, எதிர்ப்புப் படையின் தலைவன் ஜான் கானர் பிறப்பதைத் தடுக்க அவன் தாய் சாராவைக் கொல்லும்படி ஓர் எந்திர மனிதனை இறந்த காலத்துக்கு அனுப்புகிறது. அவளைக் காக்க வரும் கைல் ரீஸ் என்னும் வீரனே ஜானின் தந்தையாகிறான். இரண்டாம் படத்தில் ஜான் 10 வயதுச் சிறுவன். அவனைக் கொல்ல உருமாறும் திரவ உலோகத்தாலான டி-1000 வருகிறது. காக்க, முதற்படத்தில் கொலையாளியாக வந்த அதே தோற்றம் கொண்ட டி-800 வருகிறது.

கதைச்சுருக்கத்தைக் கேட்கும் எவருக்கும் இது முந்தைய படத்தின் பெரிதாக்கப்பட்ட மறுபதிப்பாகவே தோன்றும். திரவ உலோகத்தை உருவாக்கிய கணினி வரைகலையே பலராலும் இப்படத்தின் சாதனையாகப் பேசப்படுகிறது. நான்கு ஆஸ்கர் விருதுகளும் காட்சி விளைவு, ஒப்பனை, ஒலி, ஒலி விளைவுத் தொகுப்பு ஆகிய தொழில்நுட்பப் பிரிவுகளிலேயே கிடைத்தன. திரைக்கதையின் கட்டுமானம் அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை.

கதையும் கதைப்பின்னலும்

நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் சொல்வது கதை. அவற்றைக் காரண காரியத் தொடர்பில் அமைப்பது கதைப்பின்னல் என்று இ. எம். ஃபார்ஸ்டர் வேறுபடுத்தினார். காலப்பயணக் கதைகளில் இந்த வேறுபாடு ஒரு புதிய சிக்கலை அடைகிறது. அங்கே விளைவு முன்னும் காரணம் பின்னுமாக வரலாம். ரீஸ் இறந்த காலத்துக்கு அனுப்பப்படுவதற்கு ஜான் காரணம்; ஜான் பிறப்பதற்கு ரீஸ் காரணம். முதற்படத்தின் இறுதியில் எடுக்கப்படும் சாராவின் நிழற்படமே, எதிர்காலத்தில் ரீஸ் தன்னோடு வைத்திருந்த படம் என்று தெரியவரும்போது வட்டம் முழுமையடைகிறது. அதில் யாரும் எதையும் மாற்றுவதில்லை. நடக்க வேண்டியது நடந்து முடிகிறது. ஆகவே முதற்படத்தின் பின்னல் ஊழின் பின்னல்.

இரண்டாம் படம் அந்த வட்டத்தை உடைக்க முயல்கிறது. முதற்படத்தில் நசுக்கப்பட்ட எந்திரத்தின் எஞ்சிய சில்லும் கையும் சைபர்டைன் நிறுவனத்திடம் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்துதான் ஸ்கைநெட்டுக்கு வித்திடும் செயலி உருவாகிறது என்று இதில் வெளிப்படுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள ஸ்கைநெட் செய்த செயலே அதன் பிறப்புக்கும் காரணமாகிறது. இச்செய்தியை அறிந்தவுடன், தப்பி ஓடுவது மட்டுமே கதைமாந்தரின் கடமை என்னும் நிலை மாறி, தடுப்பதும் இயலும் என்னும் நிலை பிறக்கிறது.

மறைக்கப்பட்ட அடையாளம்

படத்தின் ஏறத்தாழ முதல் அரைமணி நேரம், வந்திறங்கிய இருவரில் காவலன் யார், கொலையாளி யார் என்று கூறாமலே நகர்கிறது. டி-800 மதுவிடுதி ஒன்றில் வன்முறையால் ஆடையும் வண்டியும் பெறுகிறது. டி-1000 காவலர் சீருடையில் பணிவாகப் பேசுகிறது. முதற்படத்தை அறிந்தவர் முன்னதை அஞ்சுவர். அறியாதவரும் சீருடையை நம்புவர். வணிக வளாகத்தின் பின்புற நடைவழியில் இருவரும் ஜானை நெருங்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. ரோஜாப் பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் டி-800 சிறுவனைக் குனியச் செய்து, தன் உடலால் குண்டுகளைத் தாங்குகிறது. விளம்பர முன்னோட்டங்கள் இந்த மறைப்பை முன்பே வெளிப்படுத்திவிட்டபோதிலும், திரைக்கதை அதை நம்பியே கட்டப்பட்டுள்ளது.

இந்த மறைப்பு வெறும் வியப்புக்காக அமைந்ததன்று. தோற்றத்தைக் கொண்டு ஒருவரின் செயலை முன்கூட்டியே தீர்மானிப்பது தவறாகலாம் என்பதைப் பார்வையாளருக்கு அவரது சொந்த அனுபவமாகவே படம் ஆக்கிவிடுகிறது. மனநல மருத்துவமனையிலிருந்து தப்பும் சாரா, மின்தூக்கியிலிருந்து வெளிவரும் டி-800ஐக் கண்டு நிலைகுலைந்து விழும் காட்சியில் அதே பிழைக்கணிப்பு மீண்டும் நிகழ்கிறது. பின்னர் வரும் மையக் காட்சிக்கு இவை இரண்டும் முன்னோட்டங்கள்.

துரத்தல்களும் அவற்றின் இடைவெளியும்

படத்தில் மூன்று பெரிய துரத்தல்கள் உள்ளன. முதலாவது, வெள்ள வடிகால் கால்வாயில் ஜானின் சிறு மோட்டார் சைக்கிளை இழுவை லாரி துரத்துவது. இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து தப்புவது. மூன்றாவது, சைபர்டைன் கட்டடத்திலிருந்து உருக்காலை வரை நீள்வது. ஒவ்வொன்றின் முடிவிலும் கதைமாந்தரின் நிலை மாறுகிறது. முதலாவதன்பின் ஜானுக்குத் தன் தாய் சொன்னவை உண்மை என்று புலனாகிறது. எந்திரம் தன் ஆணைக்குக் கட்டுப்படும் என்பதையும் அவன் அறிகிறான். உடனே அவன் இடும் முக்கிய ஆணை, யாரையும் கொல்லக் கூடாது என்பதே. இரண்டாவதன்பின் தாயும் மகனும் ஒன்றுசேர்கின்றனர். சைபர்டைன் ஆய்வாளர் மைல்ஸ் டைசனைப் பற்றிய செய்தியைச் சாரா டி-800இடமிருந்து பெறுகிறாள்.

இரண்டாம் துரத்தலுக்கும் மூன்றாம் துரத்தலுக்கும் இடையிலுள்ள நீண்ட பகுதியே இக்கட்டுரையின் கவனத்துக்குரியது. இப்பகுதியில் டி-1000 ஏறத்தாழக் காணாமற்போகிறது. துரத்துபவன் இல்லாத துரத்தற்படம் தளர்ந்துவிட வேண்டும். இதை ஒரு தொய்வாகக் கருதுவோரும் இருக்கலாம். ஆனால் துரத்துபவன் என்னும் கதைப்பணி இங்கே நீங்கவில்லை. அது சாராவின் கைக்கு மாறுகிறது.

டைசன் இல்லம்: தாயின் உருமாற்றம்

பாலைவன முகாமில், விளையாட்டுத் திடலில் குழந்தைகளும் தாய்மாரும் அணுகுண்டு நெருப்பில் எரிந்து சாம்பலாவதைச் சாரா கனவு காண்கிறாள். 1997 ஆகஸ்ட் 29 அன்று 300 கோடி மக்கள் மாள்வர் என்பதை அவள் அறிவாள். மேசையில் ஊழ் இல்லை என்று பொருள்படும் சொற்களைக் கத்தியால் செதுக்கியிருந்தவள், விழித்தெழுந்ததும் டைசனைக் கொல்லப் புறப்படுகிறாள்.

இக்காட்சியின் ஒளிப்பதிவும் நடிப்பும் முதற்படத்தை வேண்டுமென்றே நினைவூட்டுகின்றன. 1984இல் சாராவின் நெற்றியில் விழுந்த சிவப்பு லேசர்ப் புள்ளி இப்போது டைசன்மீது விழுகிறது. அன்று எந்திரத்துக்கு இருந்த உணர்ச்சியற்ற முகம் இன்று அவளுக்கு இருக்கிறது. ஒப்புமை தோற்றத்தளவில் நின்றுவிடுவதில்லை. ஒருவர் எதிர்காலத்தில் செய்யப்போவதற்காக அவரை இப்போதே அழிப்பது என்பதே ஸ்கைநெட்டின் தர்க்கம். அதையே சாரா முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஊழை மறுத்துப் புறப்பட்டவள், டைசனின் எதிர்காலம் மட்டும் முடிவாகிவிட்டது என்று நம்புகிறாள். படத்தின் ஆழமான முரண் இதுவே.

இம்முரண் அவிழும் முறை நுட்பமானது. மகனின் பொம்மைக் கார் காலில் மோத, டைசன் குனிகிறார், முதற்குண்டு தவறுகிறது. இது தற்செயல். படம் இத்துடன் நின்றிருந்தால் சாராவைக் கொலையிலிருந்து காத்தது வாய்ப்பு மட்டுமே என்றாகியிருக்கும். அவள் தொடர்ந்து சுடுகிறாள். வீட்டுக்குள் நுழைந்து, காயமுற்றுக் கிடக்கும் டைசனைக் குறிவைக்கிறாள். சிறுவன் தந்தையை மறைத்து அணைத்துக்கொள்கிறான். அப்போது அவள் தானாகவே நிறுத்துகிறாள். தற்செயல் அவளுக்குச் சிறிது நேரத்தைத் தந்தது. முடிவை அவளே எடுத்தாள். தந்தையும் மகனும் நிற்கும் அந்த நிலையில் தானும் ஜானும் முன்பு நின்றதை அவள் காண்கிறாள். அரிஸ்டாட்டில் சிறப்பித்துக் கூறிய நிலைமாற்றமும் அறிதலும் இங்கே ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

இக்கணத்தின் விளைவு கதைக்கு இன்றியமையாதது. டைசன் கொல்லப்பட்டிருந்தால் சில்லும் கையும் நிறுவனத்தின் பெட்டகத்திலேயே இருந்திருக்கும்; வேறொருவர் ஆய்வைத் தொடர்ந்திருப்பார். உயிரோடிருந்ததாலேயே அவர் உண்மையை அறிந்து, தன் உழைப்பைத் தானே அழிக்க முன்வருகிறார். கொல்லாமை இப்படத்தில் ஓர் அறிவுரையாக மட்டும் நில்லாமல், பின்னலை முன்னகர்த்தும் காரணமாகவும் செயல்படுகிறது.

எதிரெதிர்த் திசைப் பயணம்

சாரா எந்திரமாகும் அதே வேளையில் எந்திரம் உயிரின் மதிப்பைக் கற்கிறது. ஜானின் ஆணையை முதலில் காரணம் புரியாமல் ஏற்கும் டி-800, சைபர்டைன் முற்றுகையில் கனரகத் துப்பாக்கியால் காவல் வண்டிகளைச் சிதைத்தும் ஒருவரையும் கொல்வதில்லை. அதன் பார்வைத் திரை உயிரிழப்பைச் சுழியம் என்று காட்டுகிறது. முடிவில் தன் தலையிலுள்ள சில்லும் அழிய வேண்டும் என்று அதுவே உணர்கிறது. தன்னைத் தானே அழித்துக்கொள்ள அதன் கட்டமைப்பு இடம் தராததால் சாராவே அதை உருகிய எஃகில் இறக்குகிறாள். தன்னைத் துரத்திய உருவத்தை முதற்படத்தில் வெறுப்போடு நசுக்கியவள், இங்கே அதே உருவத்துக்கு மரியாதையோடு விடைகொடுக்கிறாள். இரு படங்களின் முடிவுகளும் இவ்வாறு ஒன்றுக்கொன்று விடையாக அமைகின்றன.

பின்னலின் தளர்ந்த முடிச்சுகள்

இக்கட்டமைப்பில் குறைகளும் உள்ளன. உருக்காலையின் பற்சக்கரத்தில் சிக்கி அறுந்த டி-800இன் கை என்னவாயிற்று என்று படம் காட்டுவதில்லை. ஓர் எந்திரக் கையின் எச்சத்தாலேயே பேரழிவு விளையும் என்று கூறிய கதைக்கு இது சிறிய பிழையன்று. ஸ்கைநெட் தோன்றாவிட்டால் ரீஸ் வர வாய்ப்பில்லை. ஜான் பிறக்கவும் வாய்ப்பில்லை என்னும் முரணையும் படம் தொடாமலே கடக்கிறது.

இவற்றினும் முக்கியமானது டைசனுக்கு அளிக்கப்பட்ட இடம். இன்னும் செய்யாத குற்றத்துக்காக அவரைக் கொல்வது தவறு என்று நிறுவிய படம், அடுத்த சில காட்சிகளிலேயே வெடிப்பொறியைக் கையில் ஏந்தியபடி அவரை மாளச் செய்கிறது. அது அவரே தேர்ந்த தியாகம் என்பது உண்மையே. எனினும் ஓரிரவுக்குள் தன் வாழ்நாள் உழைப்பைத் துறக்கும் மனிதரின் மனப்போராட்டத்துக்குத் திரைக்கதை போதிய நேரம் ஒதுக்கவில்லை. அவர் மனைவியும் மகனும் அதன்பின் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். கருணையால் காக்கப்பட்டவரைக் கதையின் வசதி பலிகொண்டது என்னும் ஐயம் எஞ்சுகிறது.

முடிவுரை

அமைதி நிலவும் எதிர்காலத்தில் முதுமையடைந்த சாராவைக் காட்டும் ஒரு முடிவு படமாக்கப்பட்டுப் பின் நீக்கப்பட்டது. திரையரங்கப் பதிப்பு இரவில் நீளும் நெடுஞ்சாலையோடு நிறைவடைகிறது. அந்நீக்கம் பின்னலுக்குப் பொருத்தமானதே. எதிர்காலம் எழுதப்படவில்லை என்று வாதிடும் படம், அதை எழுதிக்காட்டி முடிப்பது தன் வாதத்தையே மறுப்பதாகும். பின்வந்த படங்கள் இத்திறந்த முடிவைக் காக்கவில்லை. 2003இல் வந்த மூன்றாம் படம் பேரழிவு தள்ளிப்போடப்பட்டதே ஒழியத் தவிர்க்கப்படவில்லை என்றது. 2019இல் வந்த ‘டார்க் ஃபேட்’ தொடக்கத்திலேயே ஜானைக் கொன்றது. தொடர்ச்சி வேண்டும் வணிகம், உடைந்த வட்டத்தை மீண்டும் ஒட்டியது.

அதிரடித் திரைப்படத்தின் கதைப்பின்னலை ஆராய்வோர் வெடிப்புகளின் எண்ணிக்கையையோ உச்சக்கட்டத்தின் அளவையோ மட்டும் நோக்கினால் போதாது. துரத்துபவர் யார், அப்பணி எப்போது யார் கைக்கு மாறுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் அப்பணி ஒரு தாயின் கைக்கு மாறி, ஒரு குழந்தையின் முன்னிலையில் கைவிடப்படுகிறது. உருக்காலைச் சண்டை பகைவனை அழிக்கிறது; பேரழிவைத் தடுப்பதற்கான வழி அதற்கு முன்பே, சுடப்படாத அந்த ஒரு குண்டில் திறந்துவிட்டது.