அரைப்பேரும் முழு அருளும்: தோட்ட வேலையாட்கள் உவமை பற்றிய ஒரு நோக்கு

கிறித்தவ வாழ்வின் நடுநாயகமான கருத்துக்களுள் அருள் ஒன்று. மனிதன் தன் நற்செயலால் ஈட்டிக்கொள்ள இயலாததும், இறைவன் தானாக முன்வந்து அளிப்பதுமான கொடையே அருள் என்பது அதன் சுருக்கம். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் பெலாஜியசும் மாறுபட்டது இக்கருத்துப் பற்றியே. பதினாறாம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுண்டபோதும் இதுவே விவாதத்தின் மையமாயிருந்தது. 1999 இல் ஆக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூதரனியரும் இதுகுறித்துக் கூட்டுப் பிரகடனம் ஒன்றிற் கையொப்பமிட்டனர். இவ்விவாதங்கள் பெரும்பாலும் மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நிகழ்ந்தவை. உழைப்பை நிறுத்துக் கூலி வழங்கும் ஓரிடத்தில் இச்சொல் என்ன பொருள் கொள்கிறது என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைக் களமாகவும், மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்திலுள்ள திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையைப் பனுவலாகவும் கொள்கின்றோம்.

முதலிற் சொற்களை நோக்குவோம். பழைய கத்தோலிக்க மன்றாட்டுக்களில் அருளைக் குறிக்கப் ‘பிரியதத்தம்’, ‘இஷ்டப்பிரசாதம்’ என்னும் சொற்கள் வழங்கின. புரட்டஸ்தாந்தர் ‘கிருபை’ என்றனர். இன்று பரவலாக வழங்கும் ‘அருள்’ பக்தி இலக்கியத்திலும் சைவ சித்தாந்தத்திலும் ஊறிய சொல். அரசன் இல்லமும் இறைவன் இல்லமும் ‘கோயில்’ என ஒரே சொல்லாற் குறிக்கப்பட்ட சமுதாயத்தில் அருளுக்கு ஆண்டான்–அடிமை உறவின் சாயல் படிந்தமை வியப்பன்று. ஆயினும், தோட்டத் தொழிலாளியின் செவியில் இவற்றினும் ஆழமாகப் பதிந்திருக்கக்கூடியவை வேறு இரு சொற்கள்: கடன், மீட்பு. புரட்டஸ்தாந்த மரபின் கர்த்தருடைய செபத்தில் மன்னிப்புக்கு உரியதாகக் கூறப்படுவது ‘கடன்’. ‘மீட்பு’ என்பதோ அடகு வைத்த நகையைத் திரும்பப் பெறுதற்கும் வழங்கும் சொல். கங்காணியிடம் பட்ட கடனைத் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதி, அக்கடனை ஏற்கும் தோட்டத்திற்கே தொழிலாளரை மாற்றிய முறை 1921 இற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டின் காலத்தில் இவ்விரு சொற்களையும் கேட்ட ஒருவருக்கு அவை வெறும் உருவகங்களாக இருந்திரா.

இனி உவமைக்கு வருவோம். தோட்டச் சொந்தக்காரன் ஒருவன் விடியலிலும், பின்னர் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் மணிவேளைகளிலும் சந்தைவெளிக்குச் சென்று ஆட்களை அழைத்துவருகிறான். மாலையில் எல்லோருக்கும் ஒரே நாட்கூலி வழங்கப்படுகிறது. நாள் முழுதும் வெயிலிற் பாடுபட்டோர் முணுமுணுக்கின்றனர்.

இக்கதையின் அதிர்ச்சியை உணர்தற்குத் தோட்டத்துச் ‘செக்ரோல்’ பற்றிய அறிவு துணைசெய்யும். அங்கே ஒரு நாளைய வேலைக்குப் பெயர் ‘பேர்’. குறித்த நிறைக்குக் கொழுந்து தேறாவிடில் ‘அரைப்பேர்’. ஒரு பெண் பகல் முழுதும் மலையில் நின்றிருந்தாலும் அவளது நாளைப் பாதியாக்கும் வல்லமை தராசுக்கு உண்டு. அத்தகைய இடத்தில், ஒரு மணிநேரமே நின்றவனுக்கும் முழுப்பேர் போடப்பட்டதாகக் கூறும் கதை சாதாரணக் கதையன்று. கணக்கப்பிள்ளையின் ஏட்டையே தலைகீழாக்கும் கதை.

மேலும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. கடைசியாக வந்தோர் சோம்பேறிகளல்லர். தம்மை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்களது விடை. சப்பிரகமுவாவின் இறப்பர்த் தோட்டங்களை அறிந்தோர்க்கு இவ்விடை புதிதன்று. பட்டை நனைந்தால் பால்வெட்டு நடவாது. இரத்தினபுரிப் பகுதியோ நாட்டின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்று. இலையுதிர் காலத்திலும் வெட்டுக் குறையும். வேலையின்மை தொழிலாளியின் குற்றமாக இல்லாதிருந்தும் அதன் தண்டம் அவன் அடுப்பிலே விழுகிறது. உவமை இத்தண்டத்தை மறுக்கிறது. ஒரு நாட்கூலி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு. அதனைப் பாதியாக்கினால் வயிறு பாதியாவதில்லை.

ஆயின், இப்பொருளில் அருள் போதிக்கப்பட்டதா? தோட்டத் தமிழரிடையே 1854 இல் தொடங்கிய சர்ச் மிஷனரி சங்கப் பணி துரைமாரின் நன்கொடையையும் ஆதரவையும் பெற்று நடந்தது. துரையின் பணத்தில் நடக்கும் போதனை துரையின் தராசைக் கேள்விக்குட்படுத்தும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. அருள் ஆன்மாவுக்குரியதாகவும் அளவை உடலுக்குரியதாகவும் பிரிக்கப்பட்டமை அச்சூழலின் இயல்பான விளைவு. நன்றியுணர்வும் பணிவும் அருள்பெற்றோரின் இலக்கணங்களாகும்போது, இறைவனின் கிருபைக்கும் துரையின் தயவுக்கும் இடையிலான வேறுபாடு மங்கிவிடுகிறது.

எனினும், சமயத்தை மயக்கமருந்தென்று மட்டும் கூறி அமைதல் மார்க்சியத் திறனாய்வாகாது. சமயத் துயர் உண்மைத் துயரின் வெளிப்பாடும் அதற்கெதிரான கண்டனமுமாகும் என 1844 இல் மார்க்ஸ் கூறியதன் இரு பகுதிகளையும் நாம் கொள்ளல் வேண்டும். உழைப்பின் அளவுக்கேற்பப் பங்கிடுதல் முதலாளித்துவ உரிமைக் கருத்தின் எல்லையைக் கடக்கவில்லை என்பதையும், தேவைக்கேற்பப் பங்கிடுதலே உயர்நிலை என்பதையும் 1875 இல், கோத்தா வேலைத்திட்ட விமரிசனத்தில் அவர் விளக்கினார். உவமை அந்நிலையை மங்கலாகவேனும் கனவு காண்கிறது. ரஸ்கின் தமது பொருளியற் கட்டுரைகளுக்கு இவ்வுவமையிலிருந்தே தலைப்பெடுத்தார். காந்தி அந்நூலைக் குஜராத்தியில் ‘சர்வோதயம்’ என 1908 இல் தழுவி எழுதினார்.

கனவின் எல்லையையும் சுட்டாதிருத்தல் நேர்மையன்று. முணுமுணுத்தோருக்குச் சொந்தக்காரன் கூறும் விடை, தன் பொருளைத் தன் விருப்பப்படி வழங்கத் தனக்கு உரிமையுண்டு என்பதாகும். அன்று மாலை அவன் நல்லவனாக இருந்தான். மறுநாள் மாலை எவ்வாறிருப்பான் என்பதற்கு உவமையில் உறுதியில்லை. தோட்டம் அவனுடையதாகவே இருக்கிறது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர்க் கொழுந்தின் நிறை உயர்த்தப்படுவதாகவும் அரைப்பேர் போடப்படுவதாகவும் தொழிலாளர் முறையிட்டனர். கொடுப்பவனிடமே அளவுகோலும் இருக்குமாயின் கொடை எளிதிற் பறிபோகும்.

இவ்விடத்தில் இலங்கைத் திருச்சபையினுள்ளேயே எழுந்த குரல்களை மறத்தலாகாது. இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவித் தோட்ட மக்களின் உரிமைகளுக்காக உழைத்தார். திஸ்ஸ பாலசூரிய மரியாளும் மனித விடுதலையும் பற்றி 1990 இல் எழுதிய நூலில், பிறவிப் பாவம் பற்றிய மரபான விளக்கத்தை வினவினார். 1997 ஜனவரியில் அவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார்; மறு ஆண்டு ஜனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. மனிதர் யாவரும் பிறவியிலேயே கடனாளிகள் என்ற விளக்கம் தளருமாயின், அருள் கடன்தள்ளுபடி என்ற நிலையிலிருந்து விடுதலை என்ற நிலைக்கு நகரும். அந்நகர்வின் சமூகப் பொருள் சிறிதன்று.

நமது முடிபு இதுவே. உவமையின் அருள் தராசை மறுக்கிறது, தராசுக்குரியவனை மறுக்கவில்லை. முதலாவதை ஏற்று இரண்டாவதைக் கடந்து செல்வதே முற்போக்கு வாசிப்பு. கடைசியாக வந்தவனுக்கும் முழுப்பேர் வேண்டும் என்பது அருளின் மொழி. அதனை எவரும் தம் விருப்பப்படி குறைக்கலாகாது என்பது உரிமையின் மொழி. சப்பிரகமுவாத் தோட்டங்களில் அருளைப் போதிப்போர் இரண்டாவது மொழியையும் பேசக் கற்றுக்கொள்ளும்வரை, அவர்கள் போதிக்கும் அருளும் அரைப்பேராகவே நிற்கும்.