பெயரற்ற சகோதரியர்: கிரேக்கத் தொன்மமும் தோட்டத்துக் கன்னிமாரும்

மலேசியத் தோட்டக் கோயில்களில் மாரியம்மன், காளியம்மன், முனீஸ்வரன், மதுரைவீரன் முதலிய தெய்வங்களோடு கன்னிமார் வழிபாடும் இடம்பெற்று வந்துள்ளது. இத்தெய்வங்களை வரிசையாக நட்ட ஏழு கற்களாகவே வணங்கும் மரபு தமிழகத்திலிருந்து வந்ததாகும். இவ்வெழுவரின் பெயர்கள் யாவை என மாணவர் வினவினால், பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைணவி, வராகி, இந்திராணி, சாமுண்டி என்னும் சப்தமாதர் பட்டியலையே நாம் விடையாகத் தந்துவிடுகிறோம். இவ்விடை போதுமானதா என்பதைக் கிரேக்கத் தொன்மத்தின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

கிரேக்கத் தொன்மத்தில் சகோதரியர் பெரும்பாலும் கூட்டமாகவே தோன்றுகின்றனர். கிரையை எனப்படும் நரைத்த சகோதரியர் ஒரே கண்ணையும் ஒரே பல்லையும் தமக்குள் மாற்றிப் பயன்படுத்துவர். ஹெசியோடின் 'தியோகோனி'யில் அவர்கள் இருவர், பிறரிடம் மூவர். விதியை நூற்கும் மொய்ராய் மூவருக்கு அந்நூலிலேயே பெயர்கள் உண்டு. ஆயினும் ஓரிடத்தில் இரவின் புதல்வியராகவும், பிறிதோரிடத்தில் சீயஸ், தெமிஸ் ஆகியோரின் புதல்வியராகவும் அவர்கள் கூறப்படுகின்றனர். பழிதீர்க்கும் எரினியஸ் இன்னும் தெளிவான சான்று. கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் 'யூமெனிடெஸ்' நாடகத்தில் அவர்கள் தனிப்பெயர் இன்றிக் குழுவாகவே பேசுகின்றனர். அலெக்டோ, மெகேரா, திசிபோனி என்னும் பெயர்களை வர்ஜில் முதலிய பிற்காலத்தார் எழுத்துகளில் காண்கிறோம். இங்குக் கூட்டம் முந்தியது, பெயர் பிந்தியது.

தமிழ் மரபிலும் இதற்கு இணையான சான்று உண்டு. சிலப்பதிகார வழக்குரை காதையில், சினத்துடன் வாயிலில் நிற்கும் கண்ணகியை அரசனுக்கு அறிவிக்கும் வாயிலோன் அச்சந்தரும் பெண் தெய்வங்கள் பலரை நினைவுகூர்கிறான். கொற்றவையையும் காளியையும் பெயரால் சுட்டும் அவன், ஒருத்தியை மட்டும் அறுவருக்கு இளையவள் என்னும் பிறப்பு முறையால் சுட்டுகிறான். எழுவருள் இளையவளாகிய பிடாரி என்று உரைமரபு விளக்கம் தரும். இளங்கோவடிகளுக்கு அவளை அறிமுகப்படுத்த எண்ணும் உறவுமே போதுமானவையாக இருந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

சப்தமாதர் மரபின் அமைப்போ வேறு. பிரமனிலிருந்து பிராமி, குமரனிலிருந்து கௌமாரி, இந்திரனிலிருந்து இந்திராணி என அவர்களுள் பெரும்பாலோர் ஆண் தெய்வங்களின் பெயரையும் ஊர்தியையும் படைக்கலனையும் ஏற்றவர்கள். தாய்மார் என்னும் நிலையினர். கன்னிமாரோ மணமாகாதவர், ஏரிக்கரையிலும் நீர்த்துறையிலும் காவல் நிற்பவர். அவர்களைப் பிணைப்பது உடன்பிறப்பு ஒன்றே. இவ்விரு மரபுகளும் தமிழகத்திலேயே நெடுங்காலமாகக் கலந்து வந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கலப்பு வேறு. ஒன்றை மற்றொன்றின் குறைவடிவமாகக் கருதுவது வேறு. பெயரின்மையை அறியாமையாகக் கொள்வோமாயின், கன்னிமாரைப் பாமரர் மறந்துவிட்ட சப்தமாதர் என்றே முடிவுகட்ட நேரிடும்.

இவ்வேறுபாடு மலாக்காவில் தனிக் கவனத்திற்குரியது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து இம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் தம் ஊர்த் தெய்வங்களோடு வந்து குடியேறினர். பின்னாளில் தோட்டங்கள் பல கைமாறின, துண்டாடவும் பட்டன. மக்கள் ஜாசின், அலோர் காஜா போன்ற பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். கோயில் இடம்மாறிப் புதுப்பிக்கப்படும்போது கல் சிலையாகிறது. சிலைக்கு ஊர்தியும் பெயரும் வேண்டப்படுகின்றன. சப்தமாதர் பட்டியல் அத்தேவையை எளிதில் நிறைவுசெய்கிறது. நிலையான வழிபாட்டிடம் பெறுவது ஒரு சமூகத்தின் நியாயமான விருப்பமே. ஆயினும், கற்கள் அகற்றப்படும்போது, எழுத்தில் பதிவுபெறாத ஒரு மரபின் சான்றும் உடன் மறைகிறது. கிரேக்கரின் முந்திய நிலையை அறிய நமக்கு எஸ்கிலஸின் நாடகம் எஞ்சியுள்ளது. தோட்டத்துக் கன்னிமாருக்கு அத்தகைய பனுவல் இல்லை. கற்களும் முதியோர் நினைவுமே அவர்களின் பனுவல்.

ஆகவே, மாணவர் பெயர் கேட்கும்போது பட்டியலை ஒப்புவிப்பதினும், இம்மரபில் அவர்களுக்குத் தனிப்பெயர் வேண்டப்படவில்லை என விளக்குவதே பொருத்தமாகும். அதனோடு, அம்மாணவரின் பாட்டி அவர்களை எவ்வாறு அழைத்தார், எத்தனை கற்கள் இருந்தன, எந்த நீர்நிலையருகே இருந்தன எனக் கேட்டெழுதச் செய்தல் வேண்டும். சிலையில் பெயர் பொறிக்கப்படுமுன் செய்யவேண்டிய பணி இதுவே.