வேரும் வழக்கும்: ஆங்கில ஒருபொருட் சொல்விளக்க நூல்கள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பொருளால் நெருங்கிய ஆங்கிலச் சொற்களுள் இடத்திற்கு உரியதைத் தேர்ந்துகொள்ள உதவும் நூல்கள் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஜார்ஜ் கிராப், பீட்டர் மார்க் ரோஜே, எச். டபிள்யூ. ஃபவ்லர் ஆகிய மூவர் நூல்களின் அணுகுமுறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சொல்லின் வேர், சொற்களிடையே உள்ள வேறுபாட்டை விளக்கப் போதுமானதன்று; யார், யாரிடம், எச்சொல்லோடு சேர்த்து ஆள்கிறார் என்னும் வழக்கே வேறுபாட்டை நிலைநிறுத்துகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஒருபொருட் சொற்கள், சொல்தேர்வு, வேர்ச்சொல், சொற்சேர்க்கை, ஆய்வுமொழி.

முன்னுரை

1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீனிலிருந்து நேரே பெற்ற சொற்கள் அவற்றோடு சேர்ந்தன. இதனால் ஒரு கருத்துக்கு மூன்று அடுக்குகளில் சொற்கள் அமையும் நிலை பல இடங்களில் உருவாயிற்று. வினவுதலைக் குறிக்கும் ‘ஆஸ்க்’, ‘கொஸ்டின்’, ‘இன்டராகேட்’ என்பன இதற்குப் பலரும் காட்டும் சான்று. இச்செல்வமே இடர்ப்பாடும் ஆயிற்று. சொற்கள் முற்றிலும் ஒருபொருள் உடையனவாக அமைதல் அரிது என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே குறித்துள்ளார். ஹெஸ்டர் லிஞ்ச் பியோசி 1794இல் வெளியிட்ட இரு தொகுதி நூல், அன்றாட உரையாடலில் சொல்தேர்வை ஒழுங்குபடுத்தும் முயற்சியாக அமைந்தது. இம்மரபில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவழக்குப் பெற்றது கிராபின் நூலாகும்.

கிராபின் வேர்வழி விளக்கம்

1816இல் வெளிவந்த கிராபின் நூல், ஒருபொருட் சொற்களை அகரவரிசையில் தொகுத்து விளக்குகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் சொற்களின் மூலம் முதலில் காட்டப்படுகிறது. அதன் அடிப்படையில் பொருள் வேறுபாடு கூறப்படுகிறது. பின்னர் நல்லாசிரியர் நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன. வேரை அறிந்தால் இன்றைய பொருளை அறியலாம் என்னும் நம்பிக்கை இம்முறையின் அடித்தளமாக உள்ளது.

இந்நம்பிக்கையைச் சோதிக்க ஆங்கிலத்திலேயே ஏற்ற சான்றுகள் உண்டு. ஒரே இலத்தீன் சொல் இரு வழிகளில் வந்து இரு சொற்களாக நிலைபெற்ற இணைகள் அவை. ‘ஃப்ரெயில்’, ‘ஃப்ராஜைல்’ என்னும் இரண்டும் ‘ஃப்ராகிலிஸ்’ என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. முன்னது பழைய பிரெஞ்சின் வழியே உருத்தேய்ந்து வந்தது. பின்னது இலத்தீன் வடிவத்தை ஒட்டி நின்றது. எளிதில் உடைவது என்பதே இரண்டிற்கும் மூலப்பொருள். ஆயினும் மூப்பால் நலிந்தவரைக் குறிக்க முன்னதும், கண்ணாடிக் கலத்தைக் குறிக்கப் பின்னதும் இயல்பாக வருகின்றன. ‘ராயல்’, ‘ரீகல்’ என்னும் இணையும் ‘ரேகாலிஸ்’ என்ற ஒரே மூலத்தது. அரச குடும்பத்தைக் குறிக்க முன்னதே வரும்; அரசர்க்கு ஒத்த தோற்றப் பொலிவைச் சுட்டுவதற்குப் பின்னது ஏற்கும்.

வேர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும்போது, அவ்வேறுபாட்டிற்கு வேர் காரணமாதல் இயலாது. வேர்வழி விளக்கம் ஒரு சொல்லின் வரலாற்றைக் கூறுமே அன்றி, அதன் இன்றைய எல்லையை வரையாது. கிராபின் நூலில் பயன்படுவது அவர் முதன்மை அளித்த மூல விளக்கமன்று. துணையாகச் சேர்த்த எடுத்துக்காட்டுகளே. வேர் உணர்த்தாத வேறுபாட்டை அவை வழக்கினின்றும் எடுத்துக் காட்டுகின்றன.

ரோஜேயின் வகைப்பாடு

மருத்துவரான ரோஜே 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம், கருத்துகளை ஆறு பெரும் பிரிவுகளாகவும் ஆயிரம் தலைப்புகளாகவும் பகுத்துச் சொற்களை அடுக்குகிறது. நெருங்கிய சொற்களின் வேறுபாட்டை விளக்குதல் தம் நோக்கமன்று என்பதை ரோஜே தம் முன்னுரையில் தெளிவுபடுத்தியுள்ளார். கருத்து நினைவில் இருந்தும் சொல் நினைவுக்கு வராதபோது உதவுவதே அந்நூலின் பணி.

ஆகவே குறை நூலினும் அதனைப் பயன்படுத்தும் முறையிலேயே மிகுதி. முன்பே அறிந்த சொல்லை நினைவுக்குக் கொணர ரோஜே உதவுவார். அறியாத சொல்லைத் தேர்ந்துகொள்ள உதவார். நிகண்டுகளின் ஒருபொருட் பல்பெயர்த் தொகுதிகளில் பழகிய தமிழாய்வாளர்க்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். நிகண்டு ஒரு பொருளுக்குரிய பெயர்களை எண்ணித் தருகிறது. அவற்றுள் எது எவ்விடத்திற்கு உரியது என்று கூறுவதில்லை. அதனை உணர்த்துவது இலக்கியப் பயிற்சி.

ஃபவ்லரும் சொற்சேர்க்கையும்

1926இல் வெளிவந்த ஃபவ்லரின் ஆங்கில வழக்கு அகராதி வேறொரு நோக்குடையது. ஒருபொருளவாய் இருந்த இரு சொற்கள் காலப்போக்கில் பொருள் பிரிந்து செல்வதை அவர் மொழிக்கு ஆக்கம் எனக் கருதினார். பிரிந்தவற்றை மீண்டும் கலப்பதைக் கடிந்தார். வரலாற்றில் இடம்பெறத்தக்க சிறப்புடையதைக் குறிக்கும் ‘ஹிஸ்டாரிக்’, வரலாறு தொடர்பானது என்று மட்டும் பொருள்படும் ‘ஹிஸ்டாரிகல்’ ஆகியவை இவ்வகைப் பிரிவிற்குச் சான்று. கூறியது கூறலைத் தவிர்க்கும் பொருட்டு வெவ்வேறு சொற்களை மாற்றி மாற்றிப் பெய்வதையும் ஃபவ்லர் கண்டித்தார். எனினும் அவர் தீர்ப்புகள் பலவும் நுண்ணிய செவியுணர்வைச் சார்ந்தவை. பிறர் பின்பற்றத்தக்க சோதனை முறையை அவை தருவதில்லை.

அக்குறையை ஓரளவு நீக்கியது ஜே. ஆர். ஃபர்த் 1951இல் முன்வைத்த சொற்சேர்க்கைக் கோட்பாடு. ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அது வழக்கமாகச் சேரும் சொற்களால் அமைகிறது என்பது அதன் சாரம். ஹாலிடே 1966இல் இதனை வளர்த்தார். கடுந்தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’ வரும், ‘பவர்ஃபுல்’ வாராது. விசைமிக்க மகிழுந்துக்குப் பின்னதே வரும். வாதத்திற்கோ இரண்டும் வரும். இரண்டும் வருமிடத்தில் சொற்சேர்க்கைச் சோதனை முடிவு தராது. ஆங்கு மற்றொரு வினா எழுகிறது: அச்சொல்லைக் கூறுபவர் எந்நிலையில் நின்று கூறுகிறார்?

இவ்வினாவைத் தமிழிலக்கணம் முன்பே எழுப்பியுள்ளது. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் தொல்காப்பியம் வேரால் பிரிக்கவில்லை. இரப்பவன் தாழ்ந்தவனா, ஒத்தவனா, உயர்ந்தவனா என்னும் உறவுநிலையால் பிரிக்கிறது. ‘ஆஸ்க்’ எவரும் எவரிடமும் வினவுவது. ‘கொஸ்டின்’ ஐயம் தோன்ற வினவுவதற்கும் இடம் தருவது. ‘இன்டராகேட்’ அதிகாரம் உடையவர் அஃதில்லாதவரைத் துருவி வினவுவது. சொற்களின் மூலமொழியைக் கூறுவதனினும் இவ்வுறவைக் கூறுவதே தேர்வோர்க்குப் பயன்படும்.

ஆய்வுமொழியில் சொல்தேர்வு

தமிழாய்விதழ்கள் பலவும் ஆங்கில ஆய்வுச் சுருக்கத்தை வேண்டுவதால், இச்சிக்கல் தமிழாய்வாளர்க்கும் உரியதாகிறது. முந்தைய ஆய்வாளர் ஒருவரின் கருத்தை எடுத்துரைக்கும்போது ‘கிளெய்ம்’ என்று எழுதினால், அக்கருத்து இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் ஐயக் குறிப்பு தோன்றலாம். ‘ஆர்க்யூ’ அவர் காரணம் காட்டி வாதிட்டார் என்பதை உணர்த்தும். ‘டெமான்ஸ்ட்ரேட்’ அவர் நிறுவிவிட்டார் என எழுதுபவரே ஒப்புவதாக அமையும். மூன்றும் தலைப்பால் அண்டையவை. பிறருடைய உழைப்பிற்கு வழங்கும் மதிப்பால் வேறானவை. அவ்வாறே ‘எவிடென்ஸ்’ ஒரு முடிவிற்குத் துணைநிற்கும் சான்று. ‘ப்ரூஃப்’ ஐயத்திற்கு இடமின்றி நிறுவுவது. ஒரு கல்வெட்டுச் செய்தியை முன்னதாகக் கூற வேண்டிய இடத்தில் பின்னதாகக் கூறினால், மூலக் கட்டுரையில் இல்லாத துணிவு சுருக்கத்தில் ஏறிவிடும். ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் படிப்பவர் அத்துணிவையே ஆய்வின் முடிவாகக் கொள்வர். கலைச்சொல் ஒன்றைச் சுருக்கத்தினுள் மூன்று சொற்களால் மாற்றி எழுதுவதும் மூன்று கருத்துகள் இருப்பதாக மயங்கச் செய்யும்.

முடிவுரை

கிராப் வேரை முதன்மைப்படுத்தினார். ரோஜே வேறுபாட்டைத் தம் எல்லைக்கு அப்பால் வைத்தார். ஃபவ்லர் வழக்கை மதித்தும் சோதனை முறையை வகுக்கவில்லை. ஒரே மூலத்து இணைகள் வேர்வழி விளக்கத்தின் எல்லையைக் காட்டுகின்றன. எனவே நெருங்கிய சொற்களுள் ஒன்றைத் தேர்வோர், ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்து பார்த்தல், உடன்வரும் சொற்களை நோக்குதல், கூறுவோர் ஏற்கும் பொறுப்பை ஆராய்தல் என்னும் மூன்றையும் முறையே மேற்கொள்ளுதல் தகும். சொற்களஞ்சியத்தைப் புரட்டுவது இவற்றுக்கு முந்தைய படியே அன்றி, இவற்றுக்கு ஈடாகாது.