திரும்பிப் பார்த்தால் தெரிகிறவர்

கோவளம் கார்மேல் அன்னை ஆலயம் 1808இல் ஜான் டி மான்ட்டி என்ற வணிகர் கட்டியது. அங்கே பூசை கண்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே நெம்மேலி வரை வந்து கடலைப் பார்த்து உட்காருகிறவர்கள் உண்டு. கோயிலுக்குள் ஆண்டவர் இருக்கிறார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும்போது அவர் எங்கே போகிறார் என்பதுதான் சிக்கல்.

அந்த ஆலயத்தின் பெயரிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. கார்மேல் மலையில் வானத்துத் தீ இறங்கிய கதையைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்போம். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. மழை வேண்டி இறைவாக்கினர் எலியா குனிந்து உட்கார்ந்துகொண்டு, தன் ஆளைக் கடல் பக்கம் பார்த்துவரச் சொல்கிறார். ஆறு தடவை ஒன்றுமில்லை. ஏழாவது தடவை உள்ளங்கை அகல மேகம். ஏழாவது தடவையும் சலிக்காமல் ஏறிப்போன அந்த ஆளின் பெயர்கூட நமக்குத் தெரியாது. முதலில் பழக வேண்டியது அவனுடைய பொறுமையைத்தான். அதே கார்மேல் பெயரைத் தாங்கிய சபையின் பாரிஸ் மடத்தில், 1691இல் இறந்த லாரன்ஸ் என்ற சகோதரர் பல வருஷம் அடுப்படியில் கிடந்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்யும் நேரத்தையும் செப நேரத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம். ராத்திரி முழுக்க வலை போட்டும் பாடு இல்லை. விடியலில் கரையில் நிற்கிற யாரோ ஒருவர், வலது பக்கம் வலையைப் போடுங்கள் என்கிறார். நம் குப்பத்தில் யாராவது இப்படி யோசனை சொல்லியிருந்தால் நல்லதாக நாலு வார்த்தை வாங்கியிருப்பார்! சீடர்கள் போடுகிறார்கள், 153 மீன்கள். இத்தனைக்கும் நடுவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்களே, ஏலக்கரையில் நின்று பழகிய கை அது. கரையில் கரிநெருப்பும், அதன்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும் தயாராக இருக்கின்றன. உயிர்த்தெழுந்தவர் கூப்பிட்டது காலைச் சாப்பாட்டுக்கு.

கவனியுங்கள், பேசும்போது அவர் யாரென்று தெரியவில்லை. வலை நிறைந்த பிறகுதான் தெரிகிறது. எம்மாவு வழியிலும் அப்படித்தான். கூடவே நடந்து வந்தவரை, அவர் அப்பம் பிட்டபோதுதான் சீடர்கள் கண்டுகொண்டார்கள். அந்தக் கணமே அவர் மறைந்துபோனார். வழியில் நம் நெஞ்சு கொதித்ததே என்று அதற்குப் பிறகு பேசிக்கொள்கிறார்கள்.

ஆகவே பகலில் தேடித் தவிக்க வேண்டாம், இரவில் திரும்பிப் பாருங்கள். புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை இதுதான். பத்து நிமிஷம் போதும். முதலில் நன்றி, பிறகு காலையிலிருந்து ஒவ்வொரு மணியாக நடந்ததை ஓட்டிப் பார்ப்பது. எங்கே மனசு விரிந்தது, எங்கே சுருங்கியது, யாரைப் பார்த்தும் பார்க்காததுபோல் வந்தேன்? மூன்றாவது கேள்வியைத்தான் நாம் தாண்டிப் போய்விடுவோம். எடைக்கு மேல் ரெண்டு சங்கராவைப் போட்டு, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்ட மீன்காரம்மா, பதில் சொல்லாமல் போனை நோண்டிக்கொண்டிருந்த நாம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

குடித்த தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை இருக்கிறது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. தென்சென்னையின் பல வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லித் தூக்குகிற டம்ளரில் இந்தக் கடல்தான் இருக்கிறது. ஆலை வேலைகளுக்குப் பிறகு கரை அரிக்கிறது, படகு நிறுத்த இடமில்லை என்று பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் முறையிட்டார்கள். தாகமாயிருந்தேன் என்று சொன்னவரை அந்த டம்ளரில் தேடுகிறவர், முறையிட்டவர்களையும் அதே இரவில் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பிரசன்னத்தை உணர்ந்த பிறகு அக்கம்பக்கத்தார் நம் கண்ணில் கூடுதலாகப் படவில்லை என்றால், அது கடல்காற்றின் சுகமாக மட்டும் இருந்திருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை, சாட்சி சொல்வதில். ஆட்டோ சீக்கிரம் கிடைத்ததற்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலையில் இந்தக் கடல் ஊருக்குள் வந்தது. என்னை மட்டும் அவர் காப்பாற்றினார் என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர் காதுபடச் சொல்வது விசுவாசம் ஆகாது. சில நாட்களைத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதிக்கொள்ளவும் தேவையில்லை. திருப்பாடல் 88 புலம்பலாகவே தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றைக் கடைசியில் ஒட்டாமல், திருச்சபை அதை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் அப்படியே வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் ஆன்ம சோதனைக்குப் பதிலாக அதை வாசித்துவிட்டுப் படுக்கலாம்.