இப்னு பதூதா கண்ட மதுரை

அரபு நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா நம் மண்ணில் கால் பதித்தார் என்பதை மீலாது மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் பெருமையுடன் சொல்லி வருகிறோம். வந்தவர் எதைக் கண்டார், எதைக் காணாது சென்றார், கண்டதை எவ்விதம் சொன்னார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பி, அவருடைய ‘ரிஹ்லா’வின் மதுரைப் பகுதியை நிறுத்துப் பார்த்தவர் நம்மிடையே மிகச் சிலரே. 1853 முதல் 1858 வரை பாரிசில் நான்கு தொகுதிகளாக அச்சேறிய அரபு மூலத்தில் அப்பகுதி சில பக்கங்களே. ஆயினும், பழம்பெரும் நகரொன்றில் சில நாள்களே தங்க வாய்ப்பவர் அந்நாள்களை எவ்வாறு பயன்கொள்ள வேண்டும் என்பதற்கு அது பாடமாகவும் இருக்கிறது, எச்சரிக்கையாகவும் இருக்கிறது.

மொராக்கோவின் தன்ஜா நகரில் 1304-ல் பிறந்து, 1325-ல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அவர், டில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்தபின், இலங்கையில் பாவா ஆதம் மலையை ஜியாரத் செய்து, 1344-ஐ ஒட்டி ‘மஃபர்’ கரையருகே மரக்கலம் உடைந்து வந்து சேர்ந்தார். மஃபர் என்றால் கடந்து செல்லும் துறை என்று பொருள். நம் கீழைக் கடற்கரைக்கு அரபு வணிகர் இட்ட பெயர் அது. மதுரை அவர் நாவில் ‘முத்ரா’ ஆயிற்று. பட்டணம் ‘ஃபத்தன்’ ஆயிற்று. அப்பொழுது ஆண்டுகொண்டிருந்த சுல்தான் கியாதுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை. டில்லியின் பிடியை உதறி மதுரையில் தனியரசு கண்ட ஷரீப் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா இருவருக்கும் மாமனார். ஆக, அவர் மதுரைக்கு வந்தது வழிப்போக்கராக அன்று. அரச குடும்பத்து விருந்தினராக.

இந்த உறவே அவர் பார்வைக்குத் திரையும் ஆயிற்று. மதுரை பெரிய நகரம், அகன்ற வீதிகளை உடையது என்று எழுதுகிறார், அது மெய். அதனை முதன்முதல் தலைநகராக்கியவர் தம் மாமனாரே என்றும், டில்லியைப் போல அவர் அதனைச் சமைத்தார் என்றும் தொடர்கிறார், இது பிழை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே பாண்டியரின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. வீதிகளின் அகலத்தைக் கண்ட கண், அவ்வீதிகளுக்கு நடுவே நின்ற பெருங்கோவிலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்ற பேச்சே அவர் காதில் விழவில்லை. மொழி அறியாமை ஒரு காரணமாகலாம். ஆனால் அதனினும் பெரிய காரணம், அவர் உறவினரைக் கேட்டார், ஊராரைக் கேட்கவில்லை என்பதே.

எனினும் அவர் தம் கண்ணால் கண்டவற்றின் மதிப்பை யாரும் குறைத்துவிட முடியாது. அவர் நுழைந்த வேளையில் மதுரையில் கொள்ளைநோய். நோயுற்றோர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மடிந்தனர். வெளியே புறப்பட்டால் நோயாளியையும் மையித்தையுமே கண்டார். அரண்மனையிலேயே சுல்தானின் மகனும், தாயும், இறுதியில் சுல்தானும் அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் மறைந்தனர். இவற்றுக்கிடையே அவர் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறார். அஹ்ஸன் ஷாவின் அமைச்சர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர், வறுமையுற்று எட்டு வயது மகனுடன் வந்து உதவி கேட்டார், பெற்றுச் சென்றார். மறுநாள் அதே தாய் வந்து கேட்டது அம்மகனுக்குக் கபன் துணி. அழுகை, ஒப்பாரி, அலங்காரம் எதுவுமின்றி ஆசிரியர் இதனை முடித்துவிடுகிறார். ஆயிரம் பேர் மாண்டனர் என்ற கணக்கு நெஞ்சில் தைக்காத இடத்தில் இந்தக் கபன் துணி தைக்கிறது. சிறந்த பயண நூலின் இலக்கணம் இதுவே.

அடுத்தது, சுல்தானின் கொடுமை. சிறைப்பட்ட ஆடவர் கழுமரம் ஏற்றப்பட்டதையும், அவர்தம் பெண்டிர், பிள்ளைகளும் கொல்லப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. வேறெந்த அரசரிடமும் தாம் காணாத இழிசெயல் இது என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அம்மன்னனின் முடிவை விரைவாக்கினான் என்றும் தீர்ப்பளிக்கிறார். தம் மனைவியின் தங்கையோ தமக்கையோ வாழ்ந்த வீட்டைப் பற்றி எழுதப்பட்ட சொற்கள் இவை! உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு திருமறை இட்ட கட்டளையை அவருடைய எழுதுகோல் காத்தது.

நாவும் காத்ததா என்று கேட்பது விமரிசகன் கடமை. விருந்தின்போது ஒரு குடும்பம் கொண்டுவரப்பட்டு வெட்டப்பட்டதைச் சொல்லுமிடத்தில், தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே எழுதுகிறார். தடுத்துப் பேசியதாக அங்கே சொல்லவில்லை. அதே சுல்தானுடன் சேர்ந்து மாலத்தீவின்மீது படையெடுக்கவும் திட்டமிட்டிருக்கிறார். கண்டனம் பிறந்தது பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1355-ல் பாஸ் நகரில், இப்னு ஜுஸைய் எழுத இவர் சொல்லி முடித்த ஏட்டில். காலந்தாழ்ந்த சாட்சியமும் சாட்சியமே; ஆனால் அதனை நற்சான்றாக்கிவிடல் ஆகாது.

இங்கு நம்மவர் செய்யும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். அகன்ற வீதிகளையும் முஸ்லிம் அரசையும் மட்டும் எடுத்துக்காட்டி, கழுமரத்தை விட்டுவிடுகிறோர் ஒரு சாரார். கழுமரத்தை மட்டும் எடுத்து, அதனை இஸ்லாத்தின் பெயரில் எழுதி, கண்டித்தவரும் ஒரு முஸ்லிம் காஜியே என்பதை விழுங்கிவிடுகிறோர் மற்றொரு சாரார். இரண்டும் மூலத்துக்குச் செய்யும் துரோகம். நம் பிள்ளைகள் இவ்வரலாற்றைப் பகைவர் வாயிலாகக் கேட்குமுன் நம் வாயிலாக முழுமையாகக் கேட்பதே நலம். ஓர் அரசனின் பாவத்தை ஒப்புக்கொள்வதால் மார்க்கத்துக்கு இழுக்கில்லை; மறைப்பதால்தான் இழுக்கு.

மதுரை அவருக்குக் கொடுத்த நன்மையும் ஒன்றுண்டு. தாமும் காய்ச்சலில் வீழ்ந்து உயிருக்கு அஞ்சியபோது, அங்கு மிகுதியாகக் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் பேதியாகிப் பிணி நீங்கிற்று என்கிறார். அரபியில் புளிக்குத் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று பெயர். ஊர்ப்பொருளின்மீது கைவைத்த அந்த ஒரு வேளையில் மதுரை அவருக்கு வாழ்வளித்தது. பின்னர் மேற்குக் கடற்கரையோரம் கொள்ளையர் அவரது உடைமை அனைத்தையும் பறித்தனர். குறிப்பேடுகளும் அவற்றுள் போயின என்பதைப் புகாராவைப் பற்றிய பகுதியில் அவரே தெரிவிக்கிறார். எனவே நாம் படிக்கும் மதுரை நினைவில் தங்கிய மதுரை. தங்கியவை எவை? ஒரு தாய், ஒரு கபன் துணி, ஒரு பிடி புளி.

அவர் விட்டதைப் பின்வந்த நம்மவர் ஈடுசெய்தனர். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் முந்தியதெனப்படும் ‘ஆயிரம் மசலா’ 1572-ல் மதுரையில்தான் அரங்கேறியதென்பர். வினாவும் விடையுமாகவே அமைந்த நூல் அது. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டபோது, நாகூர் குலாம் காதிறு நாவலர் அச்சங்கத்தின்மேல் புலவராற்றுப்படை பாடி, புலவர்களை மதுரைக்கு வழிப்படுத்தினார். பயணி காணாத தமிழ் மதுரையை நம் புலவர்கள் கண்டனர்.

இன்று நம் குடும்பங்கள் ஒரு நாள் மதுரைக்குச் சென்றால், கோரிப்பாளையத்தில் பாத்திஹா ஓதி, கடைவீதியில் துணி எடுத்து, மாலைப் பேருந்தைப் பிடிக்கின்றன. ஜியாரத்தும் வேண்டியதே, துணியும் வேண்டியதே. அத்துடன் காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலில் ஒரு வக்து தொழுது, அதன் வரலாற்றை அங்குள்ள பெரியவரிடம் கேளுங்கள். சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதப் பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து செல்லும் முறையைப் பிள்ளைகளுக்கு நடந்தே காட்டுங்கள். பொழுதிருந்தால், நகருக்குத் தென்கிழக்கே கீழடியில் 2023-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குச் சென்று, மதுரையின் தொன்மை எந்தச் சுல்தானுக்கும் முந்தியது என்பதை மண்ணிலிருந்தே அறியச் செய்யுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட முயலவேண்டாம். உறவினரை மட்டுமன்றி ஊராரையும் கேளுங்கள். கண்டதை அன்றிரவே எழுதி வையுங்கள். நம்மவர் செய்ததாயினும் தீமையைத் தீமையென்றே எழுதுங்கள். முதல் இரண்டில் இப்னு பதூதாவின் குறை நமக்குப் பாடம். மூன்றாவதில் அவருடைய எழுதுகோல் நமக்கு முன்மாதிரி.