மேலே இருந்து பார்த்தால்...

இந்த வாரம் ஒரு பட விமர்சனம். தியேட்டரில் தேடாதீர்கள், கிடைக்காது. நீளம் 3 நிமிடம் 40 விநாடி. ஹீரோ நெருப்பு. துணை நடிகர்கள், தீயணைப்பு வீரர்கள் ஐந்து பேர். ஒளிப்பதிவு, எடிட்டிங், இயக்கம் எல்லாமே காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் இருக்கும் என் நண்பரின் பையன். காலேஜில் படிக்கிறான். பொழுதுபோக்குக்கு ஒரு டிரோன் வைத்திருக்கிறான். ஊர் ஓரத்தில் காய்ந்து கிடந்த புல்லும் முள்ளும் ஒரு மத்தியானம் பற்றிக்கொண்டபோது மொட்டை மாடியிலிருந்து அதைப் பறக்கவிட்டுப் படம் பிடித்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'எப்படி இருக்குன்னு சொல்லுங்க அங்கிள்' என்று கேட்டிருக்கிறான்.

சொல்லிவிடுகிறேன். உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. ஏனென்றால் இந்த மாதிரிப் படம் உங்கள் போனிலும் நாலைந்து இருக்கும்.

முதலில் நல்லது. பையனுக்குக் கண் இருக்கிறது. தரையில் நின்று பார்த்தால் காட்டுத் தீ ஒரு புகை மூட்டம், அவ்வளவுதான். மேலே போனால்தான் அது ஒரு கோடாக நகர்வது தெரிகிறது. கருகின நிலத்துக்கும் காய்ந்த நிலத்துக்கும் நடுவில் மெல்லிசாக ஓர் ஆரஞ்சுக் கோடு. காஞ்சிபுரத்துப் பையன் அல்லவா, அசல் ஜரிகைக் கரை மாதிரியே பிடித்திருக்கிறான். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எங்கே தள்ளுகிறது என்பதும் துல்லியமாகப் புரிகிறது.

இனி குறைகள்.

டிரோனுக்குக் காது கிடையாது. இந்த ரகக் குட்டி டிரோன்களில் சத்தம் பதிவாகாது. காலியாக விடலாமா? ஒரு மாஸ் படத்துப் பின்னணி இசையைப் போட்டு நிரப்பிவிட்டான். பம்ப் இரைச்சல், அதிகாரியின் கத்தல், புகை ஏறிய தொண்டையின் இருமல் எதுவும் நமக்குக் கிடையாது. ஐந்து மனிதர்கள் ஐந்து எறும்புகளாக ஊர்கிறார்கள். ஹோஸ் என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற டியூப் இல்லை சார். அழுத்தத்தில் தண்ணீர் பாயும்போது அசந்தால் ஆளையே தூக்கி அடிக்கும். மேலிருந்து பார்த்தால் அது ஒரு நூல்.

பெரிய குறை வேறு. 2-வது நிமிடத்தில், படத்தின் வலது ஓரத்தில் ஓர் எறும்பு நகராமல் நிற்கிறது. நாலு விநாடிதான். கேமரா உடனே தீ பக்கம் திரும்பிவிடுகிறது. பையனுக்கு போன் போட்டேன்.

'அந்த ஓரத்துல ஒருத்தர் நிக்கறாரே, அவர் என்னப்பா பண்றாரு?'

'அவரா? சும்மாதான் அங்கிள் நின்னாரு. அதான் அந்தப் பக்கம் காட்டலை.'

'அவர் பின்னால ஒரு சீட் போட்ட வீடு தெரியுதே?'

'ஆமா. தறி வீடு அது.'

புரிகிறதா உங்களுக்கு? காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. அதைப் பையனே அழகாகக் காட்டியிருக்கிறான். வீட்டுக்குள் மரத் தறி, அதில் பட்டுப் பாவு. ஒரு பொறி போதும். அந்த மனிதர் வீட்டுக்கும் தீக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். நெருப்பு அங்கே வரவில்லை, அதனால் அவர் 'சும்மா' நின்றதாக ஆகிவிட்டது. படத்தின் கதாநாயகனையே ஓரத்தில் வெட்டிப் போட்டிருக்கிறான் பையன்.

நான் படித்தது பி.காம். அதில் தீ விபத்து இழப்பீட்டுக்கென்றே தனியாக ஒரு கணக்கு உண்டு. தீப்பிடித்த நாளில் கையிருப்புச் சரக்கு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதிலிருந்து மீட்ட சரக்கைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் இழப்பு. மீட்டதை எழுத மறந்தால் மொத்தக் கணக்கும் தப்பு, மார்க் கிடையாது. நம் தீ வீடியோக்கள் எல்லாமே மீட்டதை எழுதாத கணக்குகள். எரிந்ததைக் காட்டும். எரியாமல் நின்றதைக் காட்டாது. தீயணைப்புத் துறையின் வேலையே அந்த இரண்டாவது பத்திதான்.

பையனை மட்டும் சொல்லி என்ன? டி.வி. அண்ணாச்சிகள் என்ன செய்தார்கள்? 2017 மே 31. தி.நகர் உஸ்மான் ரோடு சென்னை சில்க்ஸ். ஏழு மாடி. புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமுறிய கட்டடம். ஒரு நாளைக்கும் மேல் நேரலை. முகப்பு சரிந்து விழுந்த காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அது உங்களுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கும். மேல் மாடியில் மாட்டிக்கொண்ட கேன்டீன் ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டார்களே, அது ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தீயில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதாவது?

அடுத்தது மதுரை. 2020 நவம்பர் 14, தீபாவளி. நவபத்கானா தெருவில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக்கடையில் தீ. அணைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள். ஊரே பண்டிகை கொண்டாடிய நாளில் இரண்டு வீட்டில் ஒப்பாரி. அந்தக் கட்டடத்தை எந்த உயரத்திலிருந்து படம் பிடித்தாலும் ஜுவாலைதான் தெரிந்திருக்கும். சுவரின் வயது தெரிந்திருக்காது. சுவருக்குக் கீழே நிற்பவனுக்குத்தான் அந்தக் கவலை.

இனி படத்தில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத இடம். 3-வது நிமிடத்தில் ஒரு வீரர் நிமிர்ந்து டிரோனைப் பார்க்கிறார். கையை ஆட்டுகிறார். பையன் அதற்கு ஒரு இதயப் படம் ஒட்டி 'ஹாய்' என்று போட்டிருக்கிறான். எனக்கென்னவோ அது 'போ, போ' என்று சொல்கிற கையாகத்தான் தெரிகிறது.

இது அல்ப விஷயம் இல்லை. 2015 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஒரு நெடுஞ்சாலைக்குள் காட்டுத் தீ பாய்ந்து வண்டிகள் எரிந்துகொண்டிருந்தன. மேலே பொழுதுபோக்கு டிரோன்கள் சுற்றியதால் தண்ணீர் ஊற்ற வந்த விமானங்கள் விலக வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி 9, லாஸ் ஏஞ்சலஸ். தீயணைப்பு விமானம் ஒன்றின் இறக்கையில் ஒரு குட்டி டிரோன் மோதி, கை முஷ்டி அளவுக்கு ஓட்டை. விமானத்தைத் தரையிறக்கி ஒக்கிட வேண்டியதாயிற்று. பறக்கவிட்டவர் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் இணை நிறுவனர். விவரம் தெரியாத ஆள் இல்லை! சினேகிதர் வீடு என்னாச்சு பார்ப்போமே என்று அனுப்பினாராம். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

'நம்மூர்ல விமானமா வருது? லாரிதானே வருது' என்பீர்கள். சரி. கூட்டத்தில் போய் இடிக்காமல் தூரத்திலிருந்து எடுப்பதே மேல் என்றும் பையன் வாதாடினான். அதிலும் நியாயம் இருக்கிறது. 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரியில் தீப்பிடித்துச் சிலிண்டர் வெடித்தபோது ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் வெந்துபோனார்கள். ஆனால் தலைக்கு மேல் ஒன்று ரீங்காரமிட்டால் தலை தானாக நிமிரும். நிமிருகிற அந்த இரண்டு விநாடி, தீயின் முன்னால் நிற்பவனுடைய இரண்டு விநாடி. நம்முடையது இல்லை.

அப்படியானால் தடை போட்டுவிடலாமா? வேண்டாம். அந்தக் கதையும் நமக்குத் தெரியும். 1944 ஏப்ரல் 14, பம்பாய் துறைமுகம். பஞ்சு மூட்டைகளையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றி வந்த 'ஃபோர்ட் ஸ்டைக்கின்' கப்பலில் தீ. அணைக்கப் போனவர்கள் அணைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். ஒளிப்பதிவாளர் சுதிஷ் கட்டக் அதைப் படம் பிடித்தார். ராணுவ அதிகாரிகள் பிலிமைப் பறிமுதல் செய்தார்கள். யுத்தகாலத் தணிக்கை மே மாதம் வரை நிருபர்களைச் செய்திகூட அனுப்பவிடவில்லை. படத்துக்கு அதிகாரம் பயப்படுவது அதில் உண்மை இருக்கும்போதுதான். லாரி எத்தனை மணிக்கு வந்தது, தண்ணீர் இருந்ததா, வீரர்கள் காலில் சரியான பூட்ஸ் இருந்ததா என்று கேட்கிற படம் நமக்குக் கட்டாயம் வேண்டும். 120 மீட்டர் உயரத்திலிருந்து பூட்ஸ் தெரியாது என்பதுதான் என் கட்சி.

டிரோனுக்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது. ஜுவாலை அடங்கின பிறகு அடியில் கனன்றுகொண்டிருக்கும் இடங்களைக் கண்டுபிடிப்பது. வெப்பத்தைப் பார்க்கும் கேமரா பொருத்தினால் குப்பைமேட்டுத் தீயில் எங்கே தோண்டித் தண்ணீர் விடுவது என்று மேலிருந்தே சொல்லிவிடலாம். அந்தப் படம் பார்க்க மகா போர். சாம்பல் நிறம், நடுவில் நாலு வெள்ளைப் புள்ளி. யாரும் லைக் போட மாட்டார்கள். உயிரைக் காப்பாற்றும். அது அதிகாரி கேட்டு, அவர் சொல்கிற இடத்தில் பறக்கிற டிரோன்.

விமர்சனம் என்றால் மார்க் போட வேண்டும். ஒளிப்பதிவுக்கு 100-க்கு 70. கணக்குக்கு முட்டை. மூன்று பரிகாரங்கள் சொல்லியிருக்கிறேன். ஒன்று, இசையை எடுத்துவிடு. இரண்டு, வெட்டாத முழுப் பதிவையும் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடு. காற்றும் தீயும் நகர்ந்த விதம் அவர்களுக்கு உதவும். மூன்று, அந்தத் தறி வீட்டை இன்றைக்குப் போய்ப் படம் எடு. தரையில் நின்று, அவர்களைக் கேட்டுவிட்டு.

உங்களுக்கும் ஒன்று. அந்த பம்பாய்க்காரர்கள் நினைவாகத்தான் வருடா வருடம் ஏப்ரல் 14-ல் தீயணைப்புப் பணி தினம் வருகிறது. நமக்கு அன்று தமிழ்ப் புத்தாண்டு, அதனால் கண்ணில் படுவதில்லை. அந்த ஒரு வாரம் தீயணைப்பு நிலையங்களில் பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் காட்டுவார்கள். மாங்காய்ப் பச்சடி சாப்பிட்ட கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். தண்ணீர் ஓடுகிற ஹோஸை அவர்களோடு சேர்ந்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கேமரா வேண்டாம். அதற்கு இரண்டு கையும் வேண்டும்.