ஏழு இழையும் முப்பத்தாறு இழையும்

தைப்பூசத்துக்குப் பழனி வந்த யாழ்ப்பாணத்து உறவினர், பாலசமுத்திரத்தில் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் ஊரில் வயரிங் வேலை செய்கிறவர். ஸ்டார்டரில் போடுவதற்காக நான் வயர் முனையில் லக் என்கிற உலோகப் பூணை நசுக்கிக்கொண்டிருந்தேன். "உதென்ன தம்பி, ஒரு வயருக்கு இவ்வளவு பாடு? எங்கட பக்கம் ஆளிக்குள்ள நேரா விட்டு இறுக்கினால் வேலை முடிஞ்சுது" என்றார். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

சுவிட்சுக்கு ஆளி, பல்புக்கு மின்குமிழ், டிரான்ஸ்ஃபார்மருக்கு நிலைமாற்றி. அவர் வாயில் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. வயர் அளவும் வேறு. லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்றார். ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீட்டர் தடிமன். கணக்குப் போட்டால் நம்முடைய 2.5 ஸ்கொயர் எம்எம்.

ஆனால் நம் 2.5 ஸ்கொயர் வயரை உரித்துப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டரில் 36 இழைகள்! பைப்புக்குள் வளைந்து நெளிந்து போகும். இழுக்கிறவன் கைக்கு அவ்வளவு சுகம். அதை அப்படியே ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்தால் இழைகள் விரிந்து பாதி வெளியே நிற்கும். அவர்களுடைய ஏழு கெட்டி இழைக்கு அந்தத் தொல்லை இல்லை. லக் போடுவது நம் வயர் கேட்கிற மரியாதை, தெரியாத்தனம் இல்லை.

அந்த லக்கும் வயருக்குப் பொருந்த வேண்டும். சிவப்பு உறை 1.5 வரைக்கும், நீலம் 2.5 வரைக்கும், மஞ்சள் 4 முதல் 6 வரைக்கும். மஞ்சள் லக்கில் 2.5 வயரை இரண்டாக மடித்துத் திணிக்கிறவர்களையும், நீலத்தில் 4 ஸ்கொயரை நுழைக்க நாலு இழையை வெட்டிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சிலர் சுத்தியலால் தட்டுவதோடு சரி. பிடி தளர்ந்த இடம் சூடாகும், செம்பு கறுக்கும், ஒரு நாள் ஒரு பேஸ் விட்டுப்போகும். மிச்ச இரண்டு பேஸில் ஓடி மோட்டார் காயில் கருகும். தென்னைக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் அது நடந்தால் அந்த வயிற்றெரிச்சல் விவசாயிக்குத்தான் தெரியும்.

வயருக்குப் பொருந்தாத லக் வாங்குகிற இந்தக் குழப்பத்துக்கு நம் பழைய கேஜ் பேச்சும் ஒரு காரணம். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 3/20 என்றால் 20 கேஜில் மூன்று இழை, கிட்டத்தட்ட 2 ஸ்கொயர். இப்போதைய ஸ்கொயர் அளவுகளில் அது இல்லை. கடைக்காரர் 1.5 தருவார், இல்லை 2.5 தருவார். யாழ்ப்பாணத்தாரின் 7/0.67-க்கு இந்தத் தடுமாற்றம் வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களே, இனி கடையில் 3/20 என்று கேட்காதீர்கள். எத்தனை ஸ்கொயர் என்று சொல்லி வயரை வாங்குங்கள். அதே ஸ்கொயருக்கு, ஸ்டார்டர் போல்ட்டுக்குச் சரியான துளையுள்ள லக்கைக் கேட்டு வாங்குங்கள்.